இரண்டு வரிசைக்கும் ஒரே கை

அந்தப் பண்ணையில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. பத்தொன்பது வருடமாக எண்பது மாடுகளுக்குத் தீவனம் போடுகிறவள். அவள் கையால் அள்ளிய ஒரு கிலோ ஒரு கிலோதான். புதிதில் நம்பாமல் எடை மிஷினில் வைத்து நிறுத்துப் பார்த்த முதலாளி, மூன்றாம் தடவைக்குப் பிறகு வெட்கப்பட்டு அந்தப் பழக்கத்தை விட்டார்.

கொட்டகைக்கு நடுவே வண்டி போகிற அகலத்துக்கு ஒரு பாதை. அதன் இரண்டு பக்கமும் நாற்பது நாற்பதாக மாடுகள் எதிரும் புதிருமாகத் தலையை நீட்டி நிற்கும். இன்றைக்கு இடது வரிசையில் ஆரம்பித்தால் நாளைக்கு வலது வரிசையில் ஆரம்பிப்பாள். முதலில் தின்கிற உரிமையைக்கூட முறைவைத்துத்தான் கொடுப்பாள். மாட்டுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று யாராவது கேட்டால், "தெரியும்" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு, பண்ணை அலுவலக அறையின் ஜன்னலுக்குக் கீழே மிச்சத் தீவனத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. ஆனால் பேச்சு தன்னைப் பற்றியது என்று தெரிந்தபின் துடைப்பத்தை நகர்த்தக் கை வரவில்லை.

உள்ளே இருந்தது முதலாளியும் டாக்டரம்மாவும். டாக்டரம்மா என்பது பண்ணை கொடுத்த பட்டம். அந்தப் பெண் இன்னும் டாக்டர் ஆகவில்லை. ஆவதற்காகத்தான் பத்து வாரமாக இங்கே சாணத்தை மிதித்துக்கொண்டிருந்தாள். மாடு அசைபோடும்போது ஏப்பத்தோடு ஒரு வாயு வருகிறது, பூமியின் சூட்டை ஏற்றுகிற வாயுக்களில் அதுவும் ஒன்று, தீவனத்தில் ஒரு பொடியைக் கலந்தால் அது குறையும் என்பது அவள் ஆராய்ச்சி. குறையுமா இல்லையா என்று காட்டத்தான் இந்தச் சோதனை. பால் வாங்குகிற தொழிற்சாலை, அடுத்த வருடம் முதல் இந்த வாயுவைக் குறைத்துக் காட்டுகிற பண்ணைகளிடம்தான் பால் எடுப்போம் என்று சொல்லிவிட்டது. ஆக, முதலாளிக்கும் இது விளையாட்டில்லை.

டாக்டரம்மாவின் குரல் கம்மியிருந்தது. பச்சைச் சீட்டுக் கட்டிய மூட்டை இடது வரிசைக்கு, மஞ்சள் சீட்டு மூட்டை வலது வரிசைக்கு. ஒன்றில் மருந்துப் பொடி, மற்றதில் அதேபோலத் தோற்றமுள்ள வெறும் தவிட்டுப் பொடி. எதில் எது என்று அவளுக்கே தெரியாது. அந்த ரகசியம் தொழிற்சாலையில் ஒரு உறைக்குள் இருக்கிறது. ஆனால் எது மருந்தாக இருந்தாலும், ஒரு வரிசையில் வாயு குறைந்திருக்க வேண்டும், ஒன்றில் அப்படியே இருந்திருக்க வேண்டும். இங்கே இரண்டும் குறைந்திருக்கிறது. அதுவும் ஒரே அளவாக.

"ரெண்டு வரிசையும் புள்ளி பிசகாம ஒண்ணா இருக்கு சார். இப்படி இருக்கவே முடியாது. ஒண்ணு, தீவனத்துல தப்பு. இல்ல, மிஷின் பொய் சொல்லுது."

"தீவனத்துல தப்பே இருக்காது," என்றார் முதலாளி. "போடுறது தராசு. மிஷினைப் பாத்துக்கிறது யாரு?"

கேட்டவர் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். மிஷினைப் பார்த்துக்கொள்கிறவன் பெயர் சாவகாசம்.

துடைப்பம் அவள் கையிலிருந்து நழுவிச் சுவரில் சாய்ந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இப்படித்தான் கண்ணெதிரே நடக்கும்போல.

ஏனென்றால் தப்பு தீவனத்தில்தான். செய்தவள் அவள்.

அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆறு வயதில் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, அவள் வளர்ந்தது சித்தி வீட்டில். சித்தி கொடுமைக்காரி இல்லை. அடித்ததில்லை, கை நீட்டி ஒரு கிள்ளு கிள்ளியதில்லை. பரிமாறும்போது மட்டும் அந்தக் கை தானாக மாறும். பெற்ற மகன் தட்டுக்கு வரும்போது கரண்டி பாத்திரத்தின் அடிவரை போய்வரும். இவள் தட்டுக்கு வரும்போது மேலாக மொண்டுகொண்டு வரும். சித்திக்கே அது தெரிந்திருக்காது. தெரிந்தவள் இவள் ஒருத்திதான். பசியைப் பொறுத்துக்கொள்ளலாம், பந்தியில் வஞ்சனையைப் பொறுக்க முடியாது என்று எட்டு வயதிலேயே அவளுக்குத் தெரிந்துபோனது.

அந்தப் பெற்ற மகன்தான் இந்தச் சாவகாசம். எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் வந்த பெயர். கட்டிடம் தீப்பிடித்தால்கூடச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் ஓடுவான். நாலு வேலையில் நிலைக்காமல் நின்றவனை ஆறு வருடத்துக்கு முன் முதலாளியிடம் கெஞ்சிச் சேர்த்துவிட்டவளும் இவள்தான். பண்ணைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் என்று ஒருவழியாக ஊன்றியிருந்தான். அக்கா, அக்கா என்று உயிரை விடுவான். அவளும் பாசமாகத்தான் இருந்தாள். இருந்தாலும் அவன் தட்டில் எதையாவது பரிமாறும்போது, ஒவ்வொரு தடவையும், அந்தப் பழைய கரண்டி ஞாபகத்துக்கு வந்துவிடும்.

பொடி வந்த முதல் நாள், வேலைக்காரர்களைக் கூட்டி டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். மாட்டு ஏப்பத்துக்கு மருந்தா என்றார்கள். சாவகாசம் எழுந்து நின்று நீளமாக ஒரு ஏப்பம் விட்டு, எனக்கும் ஒரு மூட்டை அனுப்புங்கள் என்றான். தராசு சிரிக்கவில்லை. போன கோடையில் நாலு நாள் அனல் அடித்தபோது மின்விசிறி ஓட ஓட இரண்டு மாடுகள் விழுந்து செத்தன. ஒன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழாயைப் பிடித்தவள் அவள். குழாயில் வந்த தண்ணீரே கொதித்தது. சூட்டைக் குறைக்க ஒரு பொடி இருக்கிறது என்றால் அது அவளுக்குச் சிரிப்பு விஷயம் இல்லை.

அவளுக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. அவ்வளவு நல்ல பொடி என்றால் ஏன் பாதி மாட்டுக்கு மட்டும்? மற்றப் பாதிக்கு ஏன் வெறும் தவிட்டைக் கொடுத்து ஏமாற்ற வேண்டும்? இது வரிசையில் உட்காரவைத்து, பாதிப் பேருக்குப் பரிமாறி, மீதிப் பேர் முன்னால் காலிக் கரண்டியை ஆட்டிக்காட்டுகிற வேலை இல்லையா? எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எல்லாவற்றின் ஏப்பமும் குறையுமே. படித்த பெண், ஏதோ சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்தாள்.

அவள் செய்தது இதுதான். வாரா வாரம் மூட்டை வந்த மறுநாள் விடிந்தும் விடியாமலும், தீவன அறையில் தார்ப்பாயை விரிப்பாள். பச்சை மூட்டையையும் மஞ்சள் மூட்டையையும் ஒன்றாகக் கொட்டுவாள். மண்வெட்டியால் ஏழு தடவை புரட்டிப் புரட்டிக் கலப்பாள். திரும்பச் சரிபாதியாகப் பிரித்து, அந்தந்த மூட்டையில் கட்டி, அந்தந்தச் சீட்டையும் மாட்டிவிடுவாள். பத்து வாரம், பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் மனசு நிறைந்துபோகும். தப்பு செய்கிறோம் என்று ஒருநாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது, ஜன்னலுக்குக் கீழே, தோன்றியது.

பதினொரு மணிக்குச் சாவகாசத்தை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மிஷின் என்றது கொட்டகை ஓரத்தில் நின்ற ஒரு பெட்டி. மாடு இனிப்புத் தீவனத்துக்காக அதற்குள் தலையை விடும், உள்ளே இருக்கிற விசிறி அதன் மூச்சை இழுத்து அளந்துகொள்ளும். தினமும் காலையில் அளவு தெரிந்த வாயுவை ஒரு சின்ன சிலிண்டரிலிருந்து உள்ளே விட்டு, மிஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்து, சுவரில் தொங்கும் அட்டையில் கட்டத்தை நிரப்ப வேண்டும். அட்டையில் பதினோரு கட்டம் காலியாக இருந்தது.

திரும்பி வந்தவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தான். அவள் கிட்டே போனாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனாள்.

ரெண்டு மணிக்குத் தொழிற்சாலைக்காரர்கள் போனில் வருவார்களாம், அதற்குள் தப்பு எங்கே என்று டாக்டரம்மா எழுதிக் கொடுக்க வேண்டுமாம், தன் பெயரைத்தான் எழுதப்போகிறார்களாம். வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசிவரை தவணையாம். எல்லாவற்றையும் அவன் தரையைப் பார்த்தே சொன்னான். பிறகு நிமிர்ந்தான்.

"எழுதத்தான் மறந்தேன், மிஷினைப் பாத்தேன்னு சொன்னேன். ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா முடியல அக்கா. நம்ம லட்சணம் நமக்குத் தெரியாதா? பாக்காமலும் இருந்திருப்பேன்."

செய்யாத தப்பை அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவனே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பத்தொன்பது வருட நல்ல பெயர் ஒருபக்கம், ஏற்கெனவே பெயர் கெட்ட ஒருத்தன் ஒருபக்கம். இன்னொன்றும் உள்ளே எழுந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடைசித் தட்டு எப்படி இருக்கும் என்று இவனும் ஒருதடவை பார்க்கட்டுமே என்று அந்த எட்டு வயசு அவளுக்குள் சொன்னது. தெளிவாகச் சொன்னது. அதைக் கேட்டு அவளுக்கே உடம்பு கூசியது.

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

மதியத் தீவனத்துக்கு வண்டியைத் தள்ளினாள். கை தன்பாட்டுக்கு அள்ளியது, போட்டது. வலது வரிசையில் பாதி தூரம் போனபோது, இன்றைக்கு இடது வரிசையில் ஆரம்பித்தோமா வலது வரிசையில் ஆரம்பித்தோமா என்று மறந்துபோனது. அப்படி அவளுக்கு நடந்ததே இல்லை. எண்பது தலைகள் அவளையே பார்த்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கதவில் பூட்டைப் பார்த்து நிற்கப்போகிற இரண்டு பெண் பிள்ளைகளை நினைத்தாள். சித்திக்குத் தன் கை செய்தது தெரியாது. எனக்குத் தெரியுமே, தெரிந்தே செய்யப்போகிறேனே என்று நினைத்தாள். வண்டியைப் பாதை நடுவிலேயே நிறுத்தினாள்.

அலுவலகத்துக்குள் அவள் நுழைந்தபோது மணி ஒன்றே முக்கால். டாக்டரம்மா கம்ப்யூட்டர் முன்னால், முதலாளி போன் பக்கத்தில், சாவகாசம் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு. தீவனம் போடுகிற நேரத்தில் அவள் உள்ளே வந்ததே முதலாளிக்கு ஆச்சரியம். மாடு ஏதாவது விழுந்துவிட்டதா என்று எழுந்தார்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் ரெண்டு மூட்டையையும் கலந்தேன்."

முதலாளி சிரித்தார். தம்பியைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அதைவிட மோசம், சாவகாசமும் அப்படியே நினைத்தான். அக்கா, நீ போ, இதில் தலையிடாதே, தப்பு என்னுடையதுதான் என்று அவளைக் கதவுப் பக்கம் தள்ளவே ஆரம்பித்தான். பத்தொன்பது வருட நல்ல பெயர் இப்படி அவளுக்கே எதிரியாக வந்து நின்றது. உண்மையைச் சொல்கிறாள், நம்பத்தான் ஆள் இல்லை.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். தீவன அறைக்குப் போய், பிரித்த மூட்டைகள் இரண்டிலிருந்தும் ஒரு பிடி கொண்டுவந்து, மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாளில் பக்கத்துப் பக்கத்தில் கொட்டினாள். பிறகு, இன்று காலை வந்து இன்னும் பிரிக்காத மூட்டைகளிலிருந்து இன்னும் இரண்டு பிடி. மருந்துப் பொடியை மூக்கருகே வைத்து மோந்தால் லேசாக ஒரு கசப்பு வாடை உண்டு. பிரிக்காதவற்றில் ஒன்றில்தான் அந்த வாடை இருந்தது. பிரித்தவற்றில் இரண்டிலும் இருந்தது. டாக்டரம்மா குனிந்து ஒவ்வொன்றாக மோந்தாள். திரும்ப ஒருதடவை மோந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எப்படிக் கலந்தாள், எத்தனை தடவை, எவ்வளவு என்று கேட்டாள். தராசு ஒன்றுவிடாமல் சொன்னாள். தார்ப்பாய், மண்வெட்டி, ஏழு புரட்டு, சரிபாதி.

"சரிபாதின்னா?"

"கிராம் பிசகாது."

டாக்டரம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் வேலையை இவ்வளவு சுத்தமா யாராலயும் கெடுக்க முடியாதுக்கா."

பத்து வாரம் போயிற்று. எழுதி வைத்த அத்தனை எண்ணும் குப்பை. தராசு ஒன்றைக் கேட்டாள்: இரண்டு வரிசையுமே குறைந்திருக்கிறதே, அப்படியென்றால் பொடி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம், அதையே எழுதிக் கொடுத்துவிடக் கூடாதா? அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பத்து வாரத்தில் வெயில் தணிந்திருக்கிறது, பசும்புல்லும் மாறியிருக்கிறது. குறைந்தது பொடியாலா, வெயிலாலா, புல்லாலா என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

"குடுக்காத வரிசைன்னு ஒண்ணு இருந்தாத்தான்க்கா, குடுத்த வரிசைக்குச் சாட்சி. நீங்க சாட்சியையே கலைச்சிட்டீங்க. இத நிரூபிச்சிட்டா நாளைக்கு எத்தனையோ பண்ணையில எல்லா வரிசைக்குமே போடலாம். அதுக்குத்தான் பாதி மாட்டை நிறுத்தி வெச்சேன்."

தராசுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. யாரையும் யாரும் வஞ்சிக்கவில்லை. வஞ்சனை இல்லாமல் போடுகிறேன் என்று, மடியில் தலை வைத்துச் செத்த மாட்டுக்கே அவள் வஞ்சனை செய்துவிட்டாள். அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

ரெண்டு மணிக்குப் போன் அடித்தது. டாக்டரம்மா எதையும் மறைக்காமல் சொன்னாள். நெடுநேரம் மறுமுனையில் பேசியதைக் கேட்டாள், தலையாட்டினாள், இரண்டு தடவை கெஞ்சினாள். போனை வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தாள், தராசைப் பார்க்கவில்லை. முதலிலிருந்து திரும்பத் தொடங்கச் சம்மதித்துவிட்டார்கள். பத்து வாரம். மிஷினுக்கு வேறு ஆள் வெளியிலிருந்து வருவான். இன்னொரு நிபந்தனையும் உண்டு. சோதனைத் தீவனத்தை இதுவரை தொட்ட கை இனித் தொடக் கூடாது.

முதலாளியும் அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"நாளையிலேருந்து நீ சாணிப் பக்கம் போம்மா. தீவனத்தை உன் தம்பி பாக்கட்டும்."

அவள் சரி என்றாள். வேறென்ன சொல்வாள். தண்டனை குறைவுதான் என்று அவளுக்கே தெரியும். வேலை இருக்கிறது, தம்பி வீடும் இருக்கிறது. ஆனாலும் தீவன அறைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைக்கும்போது, உடம்பில் ஒரு பாகத்தைக் கழற்றி வைப்பதுபோல வலித்தது. சாவகாசம் அந்தச் சாவியைத் தொடவே பயந்தான். அவள்தான் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

சாயங்காலம் முழுக்க அவனுக்கு அள்ளக் கற்றுக்கொடுத்தாள். பொடிகளைத் தொடாமல், வெறும் மணலை வைத்து. அவன் கை ஒருதடவை கூட, ஒருதடவை குறைய வந்தது. கடைசியில், உன் கையை நம்பாதே, ஒவ்வொரு வாளியையும் எடை மிஷினில் வைத்தே போடு என்று சொல்லிவிட்டாள். போட்ட அளவைத் தீவன அட்டையில் அன்றன்றைக்கே எழுது, இல்லாவிட்டால் நானே வந்து காதைத் திருகுவேன் என்றும் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் சாணம் தள்ளும் மட்டையைப் பிடித்துக்கொண்டு வலது வரிசை மாடுகளுக்குப் பின்னால் நின்றாள். பத்தொன்பது வருடமாக முகங்களையே பார்த்தவளுக்கு இப்போது வரிசையாக வால்கள். மாடுகளுக்கு அப்பால், நடுப்பாதையில், சாவகாசம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இன்றைக்கு அவனிடம் சாவகாசமே இல்லை, நெற்றியெல்லாம் வியர்வை. பச்சை வாளியிலிருந்து இடது வரிசைக்குப் போட்டு முடித்தான், அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மஞ்சள் வாளியோடு வலது பக்கம் திரும்பியவன், அவள் நின்ற இடத்துக்கு நேரே வந்ததும் நின்றான். சுற்றும் முற்றும் பார்த்தான். இரண்டு மாடுகளுக்கு இடையே தலையை நீட்டி, ரகசியமாகப் பேசினான்.

"அக்கா, ரெண்டு வாளியிலேருந்தும் ஒவ்வொரு பிடி மாத்திப் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது. உனக்கு மனசு ஆறும்ல?"

தன்னால்தான் அவள் தீவன வேலையை இழந்தாள் என்று அவனுக்கு நினைப்பு. அதற்குக் கைம்மாறாக, அவளுக்குப் பிடித்த அந்த ஒன்றை அவள் தட்டில் வைக்கப் பார்க்கிறான். பச்சை வாளிக்குள் கையையும் விட்டுவிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கென்று ஒருத்தன் அடிவரை கரண்டியை விடுகிறான், அதை அவள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

"கையை வெளியில எடு. இந்த வரிசைக்கு அதுல ஒரு துளி விழுந்தாலும் நானே போய் டாக்டரம்மாகிட்ட சொல்லி உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவேன்."

அவன் முகம் வாடிப்போனது. கையை எடுத்து, ஒட்டியிருந்த பொடியைப் பச்சை வாளிக்குள்ளேயே தட்டிவிட்டான். மஞ்சள் வாளியிலிருந்து, எடை மிஷின் சொன்ன அளவை, அந்த மாட்டுக்குப் போட்டான். அடுத்ததற்குப் போட்டான். வரிசை முழுக்க அப்படியே போட்டுக்கொண்டு போனான். நாற்பதாவது மாடுவரைக்கும் அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் குனிந்து சாணத்தைத் தள்ளத் தொடங்கினாள். அழுதுகொண்டேதான் தள்ளினாள்.